ஆடியில் நட்ட கன்று அடுத்த ஆடியையும் பார்க்க: வட சென்னைத் தெரு மரங்களுக்கு ஒரு வருடப் பராமரிப்பு

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொருக்குப்பேட்டையில் ஒரு தெரு. ஆடிக் கடைசியில் தெருக்காரர்கள் சேர்ந்து வேம்பு, புங்கன், பூவரசு, நாவல் என்று கலந்து கன்றுகள் நட்டிருக்கிறார்கள். எல்லாம் ஐந்தடி, ஆறடி உயரம். போன வருடம் ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளுக்கு நட்டவை மழைக்காலத்தில் நன்றாகத் தழைத்தனவாம். மே மாதத்துக்குள் ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் காய்ந்துவிட்டன. இந்த முறை அப்படி ஆகக்கூடாது, எந்த மாதம் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும், என்ன உரம் போடலாம் என்று கேட்கிறார்கள்.

உரத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். வட சென்னையில் நட்ட கன்று சாவது உரம் இல்லாமல் அல்ல. முதல் கோடையில் வேருக்குத் தண்ணீர் எட்டாமல் சாகிறது, அல்லது எட்டிய தண்ணீர் உப்பாக இருந்து சாகிறது. மழைக்காலத்தில் தழைத்த கன்றைப் பார்த்து "வேர் பிடித்துவிட்டது" என்று எல்லாரும் நம்பிவிடுகிறார்கள். மேலே இலை விடுவதும் கீழே வேர் ஓடுவதும் ஒன்றல்ல. நர்சரிப் பையில் இருந்த மண் உருண்டையைத் தாண்டி வேர் வெளி மண்ணுக்குள் போய்ப் பரவ முழுதாக ஒரு வருடமாவது வேண்டும். கட்டட இடிபாடும் கப்பியும் நிறைந்த நம் தெரு மண்ணில் இரண்டு வருடம் ஆகும். அதனால் இரண்டு கோடை தாண்டும்வரை அது கன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடியில் நட்டது நல்ல காரியம். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் வேருக்கு இரண்டு மாதம் கிடைக்கிறது. ஜூன் முதல் வாரம் நட்டால் கிடைப்பது மேல்காற்றும் அனலும்தான்.

இந்த வாரமே ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு கன்றின் அடியிலும் கையால் மண்ணை விலக்கிப் பாருங்கள். கறுப்புப் பாலித்தீன் பையைக் கிழிக்காமல் அப்படியே புதைத்திருக்கிறார்களா? நிறைய பேர் சேர்ந்து நடும்போது இது அடிக்கடி நடக்கிறது. அடியை மட்டும் அறுத்துவிட்டு, "வேர் வெளியே வந்துவிடும்" என்று பக்கத்தை விட்டுவிடுவார்கள். வராது, பைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பை தெரிந்தால் பிளேடால் மேலிருந்து கீழாகக் கீறி, வருகிற அளவுக்கு உருவிவிடுங்கள். அடுத்து, தண்டு வேராக விரிகிற கழுத்துப் பகுதி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அது அரை அடி ஆழத்தில் கிடந்தால் மண்ணை வழித்து எடுங்கள். ஆழமாக நட்டால் காற்றில் சாயாது என்று ஒரு நம்பிக்கை நம் பக்கம் உண்டு. மண்ணுக்குள் மூடிய தண்டுப் பட்டை ஈரத்தில் அழுகத்தான் செய்யும்.

தெருவின் மண் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள், இனி சொல்லப்போவது எல்லாம் அதைப் பொறுத்தது. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை கடல்பக்கம், திருவொற்றியூர், எண்ணூர் வரை பெரும்பாலும் மணல். ஊற்றிய தண்ணீர் நேராகக் கீழே இறங்கிவிடும், அடுத்த நாளே காய்ந்திருக்கும். வியாசர்பாடி, கொடுங்கையூர், மணலி, மாதவரம் பக்கம் களி அதிகம். மேலே ஈரம் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் அரை அடிக்குக் கீழே பிசுபிசுவென்று இருக்கும். கொருக்குப்பேட்டை மாதிரி பழைய பகுதிகளில் எந்த மண் என்று சொல்லவே முடியாது. ஒரு வீட்டு முன்னால் மணல், அடுத்த வீட்டு முன்னால் செங்கல் ரப்பீஷ். ஒரு கம்பியை அரை அடி, முக்கால் அடி குத்தி எடுத்துப் பாருங்கள். கம்பியில் ஈர மண் ஒட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். நாள் கணக்கைவிட இந்தக் கம்பி சொல்வதுதான் சரியாக இருக்கும்.

ஆவணி, புரட்டாசியில் சாயங்கால இடிமழை வரும். அதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். பத்து நிமிடம் அடித்த மழை மேல் மண்ணை மட்டும்தான் நனைக்கும். பை மண் உருண்டை சுற்றியுள்ள மண்ணைவிடச் சீக்கிரம் காய்கிறது, ஏனென்றால் கன்றின் வேர் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. நட்ட முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு மழை வலுக்கும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு கன்றுக்கு ஒரு பக்கெட் என்பது நடைமுறைக் கணக்கு. பக்கெட் என்றால் பத்து லிட்டரிலிருந்து பதினைந்து லிட்டர். கன்றைச் சுற்றி இரண்டடி விட்டத்துக்கு வட்டப்பாத்தி கட்டி, அதில் மெதுவாக ஊற்றுங்கள். ஒரே வீச்சில் கவிழ்த்தால் பாதி சாலைக்கு ஓடிவிடும்.

முட்டுக்கொம்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொம்பைத் தண்டோடு ஒட்டி நட்டு, இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தால் உடனே அவிழ்த்துவிடுங்கள். சணல் கயிறோ பழைய புடவைக் கிழிசலோ போதும். கொம்புக்கும் தண்டுக்கும் நடுவே எட்டு வடிவத்தில் கயிற்றைச் சுற்றி, தண்டு கொஞ்சம் ஆடும்படி விட்டுக் கட்டுங்கள். காற்றில் ஆடினால்தான் தண்டு தடிக்கும், வேர் பிடிமானம் தேடும். அசையவிடாமல் கட்டிய கன்று உயரமாக வளர்ந்து, கொம்பை எடுத்த அன்றைக்கே வளைந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை. சென்னைக்கு ஒரு வருடத்தில் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை; அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. இந்த மூன்று மாதமும் கன்றைக் காப்பது என்றால் தண்ணீரை வெளியேற்றுவதுதான். நீங்களே கட்டிய வட்டப்பாத்தியின் கரையைத் தாழ்வான பக்கம் ஒரு கை அகலத்துக்கு வெட்டிவிடுங்கள். கேப்டன் காட்டன் கால்வாய் ஓரத்திலும், வியாசர்பாடி, புளியந்தோப்பு பள்ளமான தெருக்களிலும் தண்ணீர் நாள் கணக்கில் நிற்கும். மண் இடுக்குகளில் காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும், வேர் மூச்சுத் திணறும். புங்கனும் பூவரசும் இதைத் தாங்கும். நாவலும் ஓரளவு தாங்கும். வேம்பு தாங்காது. உங்கள் தெருவில் பள்ளமான இடத்தில் வேம்பு வைத்திருந்தால் அதற்குத்தான் முதல் கவனம்.

தண்ணீர் வடிந்த பிறகு ஒரு விஷயத்தில் பலர் தவறுகிறார்கள். அடி இலைகள் மஞ்சளாகி, கன்று தொங்கிப்போய் நிற்கும். தண்ணீர் தாகம் மாதிரியே தெரியும், ஆனால் வேர் அழுகத் தொடங்கியதன் அடையாளம் அது. மண்ணைக் கிளறி முகர்ந்தால் சாக்கடை வாடை வரும். அப்போது மேலும் தண்ணீரோ உரமோ கொடுத்தால் கதை முடிந்தது. மேல் மண்ணை இரண்டு அங்குலம் மட்டும் கொத்திவிட்டு, படிந்த சேற்றை வழித்து எடுத்து, காயவிடுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் முகத்துவாரப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து வீடுகளிலும் செடிகளிலும் படிந்தது. அப்படி ஒன்று நேர்ந்தால், கன்றைச் சுற்றியுள்ள எண்ணெய் படிந்த மேல் மண்ணைச் சுரண்டி அகற்றிப் புது மண் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. அதைக் கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் கயிற்றையும் முட்டுக்கொம்பையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுங்கள். கன்றின் தலையை வெட்டிவிட வேண்டாம். 2016 டிசம்பர் 12 வர்தா புயல் நம் ஊர் மரங்களை எப்படிச் சாய்த்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: வடிகாலுக்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டி ஒரு பக்க வேரை அறுத்த மரங்களும், சிமெண்டுக்குள் கழுத்து நெரிந்து நின்ற மரங்களும் லேசாகப் பெயர்ந்து விழுந்தன. சாய்ந்தது உங்கள் கன்றுபோலச் சின்னதாக இருந்தால் கவலைப்படாதீர்கள். மண் ஈரமாக இருக்கும்போதே, ஒன்றிரண்டு நாளுக்குள் நிமிர்த்தி, வேரை மண்ணால் மூடி, காலால் லேசாக அமுக்கி, இரண்டு பக்கமும் கொம்பு நட்டுக் கட்டினால் பிழைத்துக்கொள்ளும். ஒரு வாரம் கழித்து நிமிர்த்தினால் அதற்குள் காய்ந்த வேரும் உடைந்துவிடும். பெரிய மரம் அல்லது கிளை விழுந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லுங்கள். மின்கம்பி மாட்டியிருந்தால் கிட்டேயே போகாதீர்கள்.

மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில்தான் ஏமாற வாய்ப்பு அதிகம். பனி, குளிர்ச்சி, ஈர மண். யாரும் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். ஜனவரி நடுவில் மேல் அரை அடி காய்ந்திருக்கும். கம்பியை எடுத்துக் குத்திப் பார்க்கத் தொடங்குங்கள். வெட்டிவிட்ட பாத்திக் கரையை மூடி, பாத்தியை இன்னும் ஒரு முழம் அகலப்படுத்துங்கள். வேர் வெளியே ஓட வேண்டும் என்றால் ஈரமும் வெளியே இருக்க வேண்டும். தண்டை ஒட்டியே ஊற்றிக்கொண்டிருந்தால் வேர் அங்கேயே சுருண்டு கிடக்கும்.

போகி அன்றைக்குக் கன்றுக்குப் பக்கத்தில் யாரும் எரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கடி தள்ளி எரிகிற தீகூட இளம் பட்டையை ஒரு பக்கம் வேகவைத்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பங்குனியில் அந்தப் பக்கப் பட்டை வெடித்து உரிந்துகொண்டு வரும்போதுதான் தெரியும்.

கவாத்து செய்வதாக இருந்தால் பொங்கலுக்குப் பிறகு செய்யுங்கள். முதல் வருடத்தில் ஒடிந்தது, காய்ந்தது இரண்டையும் மட்டும் எடுங்கள். இலைதான் வேருக்குச் சோறு போடுகிறது. "நேராக வளரட்டும்" என்று கீழ்க்கிளையை எல்லாம் கழித்துவிட்டால் தண்டு கரும்பு மாதிரி ஒல்லியாகவே நிற்கும். உச்சியில் இரண்டு தளிர் சம பலத்தோடு போட்டி போட்டால் ஒன்றை மட்டும் எடுத்துவிடலாம். வெட்டிய இடத்தில் தாரோ பெயிண்டோ சாணியோ பூச வேண்டாம். மரம் தானே மூடிக்கொள்ளும்.

மாசி, பங்குனியில் ஒரு பயம் வரும், அது வீண் பயம். புங்கன் இலையை எல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும், வேம்பும் கொட்டும். செத்துவிட்டது என்று பிடுங்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நகத்தால் தண்டுப் பட்டையை லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மேலே காய்ந்து கீழே பச்சை இருந்தால் பச்சை தொடங்கும் இடம்வரை நறுக்கிவிட்டுப் பொறுத்திருங்கள். புங்க இலையில் கொப்புளம் கொப்புளமாக வருவது ஒருவகைச் சிலந்திப் பேனால். பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர மரத்தைக் கொல்லாது, மருந்து தேவையில்லை. வேம்பில் இன்னொன்று: கடந்த சில வருடங்களாக மழைக்காலம் முடியும் தறுவாயில் வேப்பமரங்களின் நுனிக் கொழுந்து கருகி, மரமே தீயில் வாட்டிய மாதிரி தெரிகிறது. தேயிலைக் கொசு என்ற பூச்சியும், நுனிக்கருகல் பூஞ்சாணமும் சேர்ந்து செய்வது அது. வளர்ந்த மரங்கள் பெரும்பாலும் மறுபடி துளிர்த்துவிடுகின்றன. கன்றில் வந்தால் கருகிய நுனியை நறுக்கி அங்கிருந்து அப்புறப்படுத்துங்கள், தண்ணீரை மட்டும் விடாமல் கொடுங்கள்.

இனி கோடை. உங்கள் பழைய கன்றுகள் போனது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மார்ச் முதல் ஜூன் வரை பொதுவாக வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு பதினைந்து, இருபது லிட்டர். மணலாக இருந்தால் அளவைக் குறைத்து ஒருநாள் விட்டு ஒருநாள். களியாக இருந்தால் நிறைய ஊற்றி வாரம் இரண்டு முறை. தினமும் சொம்பு சொம்பாகத் தெளிப்பதுதான் மிக மோசமான வழி. மேலே ஈரம் இருக்கிற இடத்துக்கு வேர் ஏறி வரும், ஊருக்குப் போன இரண்டு நாளில் அந்த வேர் வெந்துவிடும். பழைய இருபது லிட்டர் தண்ணீர் கேனின் அடியில் ஊசித்துளை போட்டு, பாத்தியின் ஓரத்தில் வைத்து நிரப்பிவிட்டால் மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக இறங்கும். மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, நிரப்பி மூடி வைப்பதும் நல்ல பழைய முறை. ஆனால் போர் தண்ணீரில் பானையின் நுண்துளைகளை உப்பு அடைத்துவிடும்.

உப்புதான் நம் பகுதியின் பெரிய பிரச்சினை. மீஞ்சூர்ப் பக்கத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல் நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது ஊரறிந்த விஷயம். கரையோரத் தெருக்களில் போர் தண்ணீரை வாயில் வைத்தாலே தெரியும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்று தெருவுக்குப் பொதுவாக வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. பாசனத் தண்ணீருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது: லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் கவலையே வேண்டாம், 450 முதல் 2000 வரை கவனமாகப் பயன்படுத்தலாம், 2000-க்கு மேல் போனால் பெரும்பாலான செடிகளுக்குக் கேடு. புங்கன், பூவரசு, புன்னை, வாதாம் ஆகியவை உப்பை நன்றாகவே தாங்கும். வேம்பு ஓரளவு தாங்கும். மாங்கன்றை இங்கே தெருவில் வைத்து உப்புத் தண்ணீர் ஊற்றுவது அதைச் சித்திரவதை செய்வது. இலையின் ஓரம் மட்டும் பழுப்பாகிக் கருகி, நடு இலை பச்சையாக இருந்தால் அது உப்பின் கையெழுத்து. அப்போது "தண்ணீர் பற்றவில்லை" என்று அதே தண்ணீரை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் உப்பு மேலேயே சேர்ந்துகொண்டு போகும். அடிக்கடி வேண்டாம், ஊற்றும்போது நிறைய ஊற்றி, உப்பை வேருக்குக் கீழே கழுவி இறக்குங்கள். வாரத்தில் ஒரு முறையாவது மெட்ரோ தண்ணீரோ லாரித் தண்ணீரோ கலந்து கொடுங்கள்.

ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள் என்று சொல்கிறார்கள். உங்கள் வீட்டு ஆர்.ஓ. போர் தண்ணீரில் ஓடினால் அந்தக் கழிவு, உள்ளே போன தண்ணீரைவிட உப்பு; கன்றுக்கு ஊற்றவே ஊற்றாதீர்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீர் நேர் எதிர். காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த தண்ணீர், அதில் உப்பு இல்லவே இல்லை. நம் ஊர் ஈரப்பதத்துக்கு ஓர் ஏ.சி. ராத்திரி முழுக்க ஓடினால் நல்ல அளவுக்குச் சேரும். ஒவ்வொரு வீட்டிலும் குழாயை ஒரு பக்கெட்டில் விடச் சொல்லுங்கள். அரிசி கழுவிய தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர் தாராளமாக ஊற்றலாம். துணி துவைத்த சோப்புத் தண்ணீர் வேண்டாம். காசிமேட்டிலும் மற்ற மீன் விற்கிற தெருக்களிலும் மீன் பெட்டியில் ஐஸ் உருகிய தண்ணீரை மரத்தடியில் கவிழ்ப்பார்கள். அந்தம்மாக்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்: "அக்கா, அது உப்பு, மரம் கருகிடும், அந்தப் பக்கம் ஊத்துங்க." டீக்கடைக் கொதிநீருக்கும் இதேதான்.

காலையில் வெயில் ஏறுமுன் ஊற்றுவது நல்லது. குழாயில் தண்ணீர் வருகிற நேரம் ராத்திரி என்றால் ராத்திரியே ஊற்றுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. மே கடைசியிலும் ஜூனிலும் மேல்காற்று பலமாக அடிக்கிற நாட்களில் கடற்காற்று நுழையப் பிற்பகல் ஆகிவிடும், சில நாள் நுழையவே நுழையாது. சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது அப்படியொரு சமயத்தில்தான். கத்திரி முடிந்துவிட்டது என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். நம் பக்கத்தில் கன்றுகளுக்கு ஜூன் முதல் பாதியும் கத்திரிதான்.

மூடாக்கு போட்டால் தண்ணீர்ச் செலவு கண்கூடாகக் குறையும். காய்ந்த இலை, தென்னை நார், கரும்புச் சக்கை, எது கிடைத்தாலும் பாத்தி முழுக்க மூன்று அங்குலம் பரப்புங்கள். தண்டை ஒட்டி நாலு விரல் இடம் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பட்டை புழுங்கும், கரையான் ஏறும். தெருவைக் கூட்டிக் குவிக்கிற இலையை எரிக்காமல் இதற்கு வாங்கிக்கொள்ளலாம். மேலே நாலு செங்கல் துண்டு வைத்தால் காற்றில் பறக்காது. களி மண்ணில் மழைக்காலத்தில் மூடாக்கை ஒதுக்கிவிடுங்கள், தை மாதம் மறுபடி போடலாம்.

மணலி, எண்ணூர் பக்கம் இலையில் புழுதியும் சாம்பலும் அப்பிக்கொள்ளும். கடலோரத்தில் உப்புச் சாரல் படியும். பத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிடுங்கள்.

ஆனி, ஆடியில் முதல் தூறல் போடும்போது பலரும் கவனிக்காத ஒன்று நடக்கிறது. கோடை முழுக்க மேல் மண்ணில் வெள்ளையாகப் படிந்த உப்பை, சின்ன மழை கரைத்து வேர் மட்டத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். மழை பெய்த மறுநாள் கன்று வாடி நிற்கும், யாருக்கும் காரணம் புரியாது. அதனால் தூறல் விழுந்த அன்றைக்கே இன்னும் ஒரு பக்கெட் நல்ல தண்ணீரைச் சேர்த்து ஊற்றி உப்பைக் கீழே தள்ளுங்கள். பலமான மழை இரண்டு, மூன்று பெய்த பிறகு இந்தப் பயம் இல்லை.

ஆடியில் வேப்பங்கன்றுக்கு வேறொரு ஆபத்து. அம்மனுக்குக் கூழ் ஊற்றும் மாதம், தெருவெங்கும் வேப்பிலைத் தோரணம். எட்டுகிற உயரத்தில் இருக்கும் கன்றைத்தான் முதலில் ஒடிப்பார்கள். ஒரே வாரத்தில் மொட்டையாகிவிடும். கோயில் பொறுப்பில் இருப்பவர்களிடம் ஆடி பிறக்குமுன் போய்ப் பேசுங்கள். பெரிய மரத்திலிருந்து கிளை எடுத்துக் கொடுக்க யாராவது பொறுப்பேற்றால் கன்றைத் தொட மாட்டார்கள். கன்றின் கூண்டில் மஞ்சள் துணி கட்டி வைக்கிறவர்களும் உண்டு. அது நன்றாகவே வேலை செய்கிறது, ஏனென்றால் நம் ஜனங்கள் அதற்கு மதிப்புக் கொடுப்பவர்கள்.

கூண்டு கட்டாயம் வேண்டும். வட சென்னைத் தெருவில் ஆடும் மாடும் இல்லாத தெரு குறைவு. ஆடு இலையோடு நிற்காது, பட்டையையும் உரிக்கும். சுற்றிலும் பட்டை போய்விட்டால் கன்று பிழைக்காது. கூண்டு ஐந்தடி உயரமாவது இருக்கட்டும், உள்ளே கை விட்டுக் களை எடுக்கிற அளவு அகலம் இருக்கட்டும்.

ஒரு வருடம் முடிந்ததும், அதாவது அடுத்த ஆடியில், முட்டுக்கொம்பை அசைத்துப் பாருங்கள். கயிற்றை அவிழ்த்த பிறகும் கன்று தானாக நிமிர்ந்து நின்றால் கொம்பை எடுத்துவிடுங்கள். கயிறு தண்டுக்குள் பதிந்திருந்தால் பொறுமையாக அறுத்து எடுங்கள். இப்போது உரம் போடலாம்: மட்கிய தொழு உரமோ மாநகராட்சி உரக்கூடத்தில் கிடைக்கும் மட்கு உரமோ ஒரு கூடை, வேப்பம்புண்ணாக்கு இரண்டு கைப்பிடி, பாத்தியின் வெளி ஓரத்தில் தூவி லேசாகக் கிளறிவிடுங்கள். யூரியா வேண்டாம். அது பச்சைப் பசேலென்று இலையைத் தள்ளும், தண்டு பலமில்லாமல் போகும், உப்பு மண்ணில் இன்னும் உப்பைக் கூட்டும். புது இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் ரப்பீஷில் இருக்கும் சுண்ணாம்பால் இரும்புச் சத்து எட்டாமல் போனது. அடியில் இருக்கும் சிமெண்டுக் கட்டி, காரைத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டுச் செம்மண்ணும் மட்கும் போடுங்கள்.

இரண்டாவது கோடையில் வாரம் ஒருமுறை, முறைக்கு முப்பது லிட்டர், இன்னும் அகலமான பாத்தியில். மூன்றாவது கோடையில் மாதம் இரண்டு முறை போதும். கடும் வெயிலில் இலை சுருண்டு, மாலையிலும் விரியாமல் இருந்தால் மட்டும் கூடுதலாக. இந்தச் சமயத்தில்தான் தெருவில் பேவர் பிளாக் போடவோ வடிகால் வெட்டவோ ஆட்கள் வருவார்கள். வேலை தொடங்கும் அன்றைக்கே யாராவது பக்கத்தில் நின்று, தண்டைச் சுற்றி மூன்றடிக்கு மூன்றடி மண்ணை மூடாமல் விடச் சொல்லுங்கள். வேலை முடிந்த பிறகு சொன்னால் யாரும் உடைக்க மாட்டார்கள். சிமெண்டுக் கலவை கழுவிய தண்ணீரும் பெயிண்டுத் தண்ணீரும் பாத்திக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

யார் ஊற்றுவது என்பதைப் பொதுவில் விடாதீர்கள். "தெருவே பார்த்துக்கொள்ளும்" என்றால் ஏப்ரலில் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு கன்றையும் அதன் எதிர் வீட்டுக்கோ கடைக்கோ ஒப்படையுங்கள். முடிந்தால் பிள்ளைகள் பெயரில். அந்த வீடு மே மாதம் ஊருக்குப் போகும்போது யாரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். பள்ளி விடுமுறையும் கத்திரியும் ஒரே சமயத்தில் வருவதால், வீடு பூட்டிக் கிடக்கும் அந்த இரண்டு வாரத்தில் போன கன்றுகள் நிறைய.

இவ்வளவு செய்தும் சில கன்று போகலாம். போனதைக் கோடையில் மாற்றி நடாதீர்கள். குழியைத் தோண்டி வேரைப் பாருங்கள்: பை மண் உருண்டை அப்படியே வந்தால் வேர் பரவவே இல்லை, கறுத்து நாறினால் தண்ணீர் நின்றிருக்கிறது, மேலே வெள்ளைப் படிவு இருந்தால் உப்பு. காரணம் தெரிந்தால் அதே இடத்தில் எந்த மரம் நிற்கும் என்பதும் தெரிந்துவிடும். பள்ளத்தில் போன வேம்புக்குப் பதில் நீர்மருதோ புங்கனோ, உப்பில் போன நாவலுக்குப் பதில் பூவரசோ புன்னையோ, மின்கம்பிக்கு அடியில் என்றால் மந்தாரை மாதிரி உயரம் போகாத ஒன்றோ வையுங்கள். குழியை வைகாசியிலேயே மூன்றடி ஆழத்துக்குத் தோண்டி வெயிலில் ஆறவிட்டு, ஆடியில் நடுங்கள். கன்று நாலடிக்கு மேல் வேண்டாம். பெரிய கன்றைவிடச் சின்னது சீக்கிரம் வேர் பிடித்து, இரண்டு மூன்று வருடத்தில் அதை எட்டிவிடும்.